எதிர்க்கூடைக்குப் பின்னால் என் நாற்காலி

ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேசிய என் மகனுக்கு,

உன் நைனா எழுதுவது. போன வாரம் நீ மதராஸிலிருந்து வந்து இறங்கியதும் நேராக என் மைக் செட் கடைக்கு வந்தாய். நான் ஒரு ஆம்ப்ளிபயரை மல்லாக்கப் போட்டு, வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவன் நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த மைக்கின் ஒயரைத் தடவிக்கொண்டே போய், அது செருகியிருந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பிடுங்கினாய். பிடுங்கிய முனையை ஒரு தடவை உற்றுப் பார்த்தாய். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதராஸில் கல்லூரிகளுக்கான பாஸ்கட்பால் இறுதி ஆட்டம், கல்லூரிப் பையனாக நீ ஆடுகிற கடைசி ஆட்டம் அதுதான், நான் வந்து உட்கார வேண்டும் என்றாய். அது முடிந்ததும் வடக்கே ஒரு கம்பெனி தன்னுடைய டீமில் ஆடுவதற்காக உனக்கு வேலை கொடுத்துக் கூப்பிடுகிறது, போகப்போகிறேன் என்றாய். "அம்மாவுக்கு நானே சொல்றேன். நீ யாருகிட்டயும் சொல்லாத நைனா," என்றாய். வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டாய். நான் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். செஞ்சிக் கோட்டையை எத்தனையோ படை முற்றுகை போட்டிருக்கிறது. ஆனால் ஒருவனும் உள்ளே நுழைந்து, ராஜாவின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பேசியதாகச் சரித்திரத்தில் இல்லை.

நான் வருவேனா மாட்டேனா என்பது கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே தாவிப் போய்ப் படித்துவிட்டு மடித்து வைத்தாயானால் உன் முழங்கால் இரண்டும் ஆட்டத்தன்று பிடித்துக்கொள்ளட்டும். முறையாக மேலேயிருந்து படி. போன வருஷம் கடலூரில் நீ எனக்குச் செய்ததை நான் இன்னும் உன்னிடம் நேராகப் பேசவில்லை. ஊரையே வாய்க்குள் போட்டு மெல்லுகிற எனக்கு அந்த ஒரு விஷயம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. அதனால்தான் பேனா.

முதலில் தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சர்ச் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் காலி நிலத்தில் பாஸ்கட்பால் கம்பம் நட வேண்டும் என்று சர்ச் சாமியார் சொன்னபோது, இந்த ஊரில் முந்திக்கொண்டு கையைத் தூக்கியவன் நான். பாஸ்கட்பால் என்றால் உருண்டையா சதுரமா என்றுகூட எனக்குத் தெரியாது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சாலின் வாய் வளையத்தைக் கழற்றிக் கொல்லனிடம் கொடுத்து, தட்டி நிமிர்த்திக் கம்பத்தில் மாட்டியவனும் நான்தான். உலகத்திலேயே கவலை இறைத்த இரும்பில் பந்து விழுந்தது நம் ஊரில் மட்டும்தான். நிலத்தைச் சமன் செய்ய நான் கடப்பாரை எடுத்தேன். செஞ்சியில் கல்லைப் பொறுக்குவது கடலில் தண்ணீரை இறைப்பது மாதிரி. காலையில் ஒரு வண்டிக் கல் பொறுக்கினால் மறுநாள் காலையில் அவை குட்டி போட்டுக் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். ராஜகிரி மலையே எங்கள் மேல் கோபப்பட்டுப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறது என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு கடப்பாரை வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தரையில்தான் நீ பந்து தட்டக் கற்றுக்கொண்டாய். பந்தைக் கல்லில் அடித்தால் அது வல்லத்துக்குப் போகும், மண்ணில் அடித்தால் அனந்தபுரத்துக்குப் போகும், உன் கைக்கு மட்டும் திரும்பி வராது. நான் சாயங்காலம் கடையை மூடிவிட்டு, ரிப்பேர் பார்த்த குழாய் ஒலிபெருக்கியையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் நிற்பேன். சோதனை பார்க்கிற சாக்கில் மைக்கில் கத்துவேன். "கீழ பாருடா, கல்லு. வலது பக்கம் கல்லு. கீழ பாரு." நீயும் தலையைக் குனிந்து நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே ஓடுவாய். மற்ற பையன்கள் தடுக்கி விழுந்தபோது நீ விழவில்லை. அதைப் பார்த்து நான் பூரித்துப்போய், இந்த உலகத்தில் பந்தாட்டத்துக்கு வேண்டிய ஒரே வித்தை குனிந்து பார்ப்பதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடலூர்க் கல்லூரியில் உன்னை எடுத்துக்கொண்டபோது நான் அடித்த தம்பட்டத்தை நீ மறந்திருக்கமாட்டாய். உன்னைக் கார்டு என்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். அப்படியென்றால் என்ன என்று ஊர் கேட்டது. பந்தைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டு வந்து, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பார்த்துக் கொடுத்து, எதிரி வந்தால் முதல் ஆளாக மறிக்கிறவன் என்று நீ சொன்னதெல்லாம் எனக்குப் போதவில்லை. சந்தை நாளில் மைக்கைப் பிடித்தேன். மண்டகப்பட்டுக் குகை வாசலில் இரண்டு பேர் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்களே, பல்லவ ராஜா காலத்திலிருந்து மழையானாலும் வெயிலானாலும் நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையாமல் நிற்கிறார்களே, அதுதான் கார்டு, கடலூர் வாசலில் இனிமேல் நிற்கப்போகிறவன் என் மகன் என்று முழங்கினேன். அந்தச் சத்தத்தில் வல்லத்தில் மாடுகள் கேட்காமலேயே பால் சுரந்தன என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்கிறவன் நான்தான், இருந்தாலும் பொய்யில்லை.

இந்த ஊரில் சின்னப் பையனிலிருந்து தாசில்தார் ஆபீஸ் பியூன்வரை என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமா, காதுகுத்தா, தேர்த் திருவிழாவா, மாமாவைக் கூப்பிடு, மைக் கட்டுவார், சிரிக்க வைப்பார். நைனா என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருவன்தான். அதனால் உன்னைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு மிகைக்கும் அடியில் கொஞ்சம் பயமும் இருந்தது. அந்தக் கூடைக் கம்பத்தின் மேல் ஏறி நின்று பார்த்தாலும் தெரியாத தூரத்துக்கு நீ போய்விடுவாய் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

இப்போது கடலூருக்கு வருகிறேன். நீ ஒரு வருஷம் ஆடிவிட்டு, ஜூனில் கடலூர்க் கல்லூரியை விட்டு மதராஸ் கல்லூரிக்கு மாறிவிட்டாய். எனக்குத் தெரியாது. லீவில் மதராஸில் பயிற்சிக்குப் போகிறேன் என்றாய், போனாய். அதற்கப்புறம் நீ கடலூரில் இருக்கிறாய் என்றே நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தாய். பூசைக்குப் பிறகு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து நின்று, ஜனவரியில் கடலூரில் நடக்கிற ஆட்டத்துக்கு ஒரு முழு பஸ் பேசியாகிவிட்டது, மதராஸ்காரர்களைக் கடலூர் எப்படிக் கடைகிறது என்று பார்க்க செஞ்சியே கிளம்புகிறது, மைக் செட் என் செலவு என்று அறிவித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீ இலையைப் பார்த்துக்கொண்டே, "இன்னாத்துக்கு நைனா அவ்ளோ பேரு?" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன் அம்மா உனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் குழம்பே என் தலையில் கொதிக்கிறது.

ஆட்டத்தன்று நாங்கள் பஸ்ஸில் மாலையோடு வந்தோம். சாமந்தியும் சம்பங்கியும் கலந்து, இரண்டு பேர் தூக்கினால்தான் தூக்க முடியும் என்கிற மாதிரி ஒரு மாலை. மைதானத்தில் ஆட்ட மேஜைக்குப் பக்கத்தில் பேட்டரியையும் ஆம்ப்ளிபயரையும் வைத்து, வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, கோட்டு போட்ட கலெக்டர் மாதிரி நான் மைக்கைப் பிடித்து நின்றேன். நீலச் சட்டையில் கடலூர்ப் பையன்கள் வந்தார்கள். உன்னைக் காணோம். கடைசியாக வருவான், சிங்கம் கடைசியாகத்தான் வரும் என்று மைக்கில் சொன்னேன். அப்புறம் சிவப்புச் சட்டையில் மதராஸ்காரர்கள் வந்தார்கள். அந்த வரிசையில் நீ இருந்தாய். என் மைக் திறந்தே இருந்தது. கொர் என்று ஓர் இரைச்சல் மட்டும் மைதானம் முழுக்கப் போனது. பக்கத்தில் நின்றிருந்த பஸ் டிரைவர் ரத்தினம், "இன்னா மாமா, நம்ம பையன் அந்தப் பக்கம் நிக்கிறான்?" என்று கேட்டது அப்படியே குழாயில் போய்க் கடலூர் கடல்வரை கேட்டது.

அதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக்கை ரத்தினத்தின் கையில் திணித்தேன். நம்ம ஊர்க்காரர்களின் கண்ணில் படாமல் எங்காவது போக வேண்டும் என்று, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கடலூர்க்காரர்களின் கூடைக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். கடலூர் கோச் அங்கே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டார். ஆறு மாதமாக அந்த மனுஷன் நான்தான் உன்னை மதராஸுக்கு விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். என் முகத்தைப் பார்த்ததும் என்னமோ அவருக்குக் கோபம் போய்விட்டது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பத்தை நானே பிடுங்கி மதராஸுக்கு எறிந்திருப்பேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. இதுவரை நான் உன் ஆட்டத்தைப் பார்த்ததெல்லாம் உன் டீமின் பக்கத்திலிருந்து. நீ பந்தோடு போனால் உன் முதுகுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் எதிரியின் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நீ பந்தைத் தட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தாய். அதே கடலூர் மண்தரை, அதற்கு முந்தின வருஷம் நீ குனிந்து குனிந்து ஓடிய அதே மேடுபள்ளம். நீ குனியவில்லை. நாக்கைக் கடிக்கவில்லை. பந்து உன் கைக்குக் கீழே என்னமோ செய்துகொண்டிருந்தது, நீ அதைப் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லாரையும் பார்த்துக்கொண்டு வந்தாய். அப்படி நிமிர்ந்து வந்ததால்தான் என்னையும் பார்த்துவிட்டாய். ஒரு விநாடி. உன் கால் தயங்கியது. ஒரு கடலூர்ப் பையன் பந்தைத் தட்டிவிட்டான். அதற்கப்புறம் நீ அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் என்னைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்தாய்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் கூடை மாறின. என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. உன் முதுகு மறுபடியும் தெரிந்தது, அதுவும் சிவப்புச் சட்டையில். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பஸ்ஸுக்குப் போய்க் கடைசி சீட்டில் படுத்துக்கொண்டேன். ஆனால் என் குழாய் விடவில்லை. அந்த மரத்திலிருந்து, நான் வாங்கிய குழாயில், நான் சார்ஜ் போட்ட பேட்டரியில், ரத்தினம் கத்திக்கொண்டிருந்தான். "மாமா பையன் இன்னொண்ணு போட்டான். செஞ்சி மாமா பையன்." நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் கட்சி மாறிவிட்டார்கள். அவர்களுக்குக் கடலூரா மதராஸா, நீதானே வேண்டும். மாலையை உன் கழுத்தில்தான் போட்டார்களாம். கடலூர்க் கல்லூரிக்கு அன்றைக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்த செஞ்சிக்காரன் உலகத்தில் ஒருவன்தான். அவன் பஸ்ஸில் குப்புறப் படுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கல்லூரி மாறுவதற்கு அப்பா கையெழுத்து கேட்ட இடத்தில் அவள் போட்டிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், மைக்குல சொல்றதும் ஒண்ணுதான். ஒரு மணி நேரத்துல கடலூருக்குக் கேட்டிருக்கும். அவங்க வந்து புள்ளையப் புடிச்சி வெச்சிருப்பாங்க." நான் துரோகம் என்று ஆரம்பித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எலெக்சன்ல காலைல ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுன்னு கத்தினீங்க. சாயங்காலம் அதே மைக்குல இன்னொரு கட்சிக்குக் கத்தினீங்க. புள்ள ஒரு வாட்டி மாறினா மட்டும் வலிக்குதா?" வாடகை மைக்குக்கு ஏது கட்சி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அரிசியைப் புடைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதாவது கொஞ்சம் தாமதமாகச் சாப்பிட்டேன்.

கோடை லீவில் நீ வந்தபோது நான் உன்னோடு பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும் குத்தலாக. மண்டகப்பட்டில் அந்த இரண்டு பேரும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். நீ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அதுங்க கல்லு நைனா. எனக்குக் காலு இருக்குது," என்றாய். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாய். "கடலூர் கோச்சு ரெண்டு வருசமா தலைய நிமித்துடா, நிமித்துடான்னார். முடியல. மதராஸ்ல சிமென்டு தரை. பந்து வுட்ட எடத்துலயே திரும்பி வருது. கீழ பாக்கவே வேணாம். அதுக்குத்தான் போனேன்," என்றாய். கடலூரில் ஒரு வருஷம்தானே, ரெண்டு வருஷம் என்று கணக்கு சொல்கிறாயே என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டு மனதுக்குள் சண்டை போட்டேன். அங்கேயே பி.யூ.சி. புகுமுக வகுப்பு படித்த வருஷத்தையும் சேர்த்தால் இரண்டு வருஷம்தான் என்று பிறகு தெரிந்தது. அதில்கூட நீ என்னை ஜெயிக்க விடவில்லை.

மகனே, நீ சிமென்டுத் தரைக்குப் போனது எனக்குப் புரிகிறது. நான் கடப்பாரை போட்ட தரை உனக்குப் போதவில்லை என்றால் அது அந்தத் தரையின் குற்றம், ராஜகிரியின் குற்றம். என்னைக் கொட்டுவது அது இல்லை. நான் எழுந்து நின்று பஸ் பேசிவிட்டேன் என்று சொன்னபோது, நீ ஒருவன், உன் அம்மா ஒருத்தி, இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களே, நான் போய் விழப்போகிற பள்ளத்தை நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, அதுதான். எத்தனை கல்லுக்கு நான் உனக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒரு கல் இருக்கிறது என்று நீ சொல்லவில்லை. வடக்கே போகிற உனக்கு இந்த நைனா கொடுக்கிற புத்தி இது ஒன்றுதான்: எங்கே வேண்டுமானாலும் மாறு, எத்தனை சட்டை வேண்டுமானாலும் மாற்று. விட்டுப் போகிற இடத்தில் உனக்காக ஒருவன் மாலை கட்டிக்கொண்டிருந்தால், அவன் பூ வாங்குவதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிடு. கடலூர் கோச்சுக்கும் ஒரு நாள் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா. நல்ல மனுஷன்.

அதனால்தான் போன வாரம் நீ ஒயரைப் பிடுங்கியபோது எனக்கு இரண்டு விதமாக இருந்தது. உலகத்தில் எந்த மகனும் அப்பன் வாயை இப்படிப் பூட்டியதில்லை என்று ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம், இந்தத் தடவை நீ முதலில் என்னிடம் வந்தாய். உன் அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறாய். நீ போன அன்றைக்கு அவள், "அவன் இன்னாத்துக்கு வந்தான்?" என்று என்னைக் கேட்டாள். மூன்றாவது தெருவில் நாய் குட்டி போட்டாலும் குழாயில் அறிவிக்கிற நான், சும்மா வந்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்தச் செய்தி என் வயிற்றில் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கொண்டிருக்கிறது. சந்தையில் மைக்கைக் கையில் எடுத்தால் வடக்கே என்று வாய் தானாகக் குவிகிறது. நேற்று ஒரு கல்யாண வீட்டில் மைக்கைத் தட்டிப் பார்த்து, டெஸ்டிங் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் பாட்டுப் போட்டுவிட்டேன். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நீ வந்து உன் அம்மாவிடம் சொல்கிறவரை என் வாயிலிருந்து இது வராது. அது உனக்கு நான் செய்கிற சத்தியம். நீ எனக்குச் செய்ததற்குப் பதிலாக நான் இதைச் செய்வதாக வைத்துக்கொள். பதிலுக்குப் பதில் இப்படியும் இருக்கலாம்.

வருகிறேன். நான் உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, கடலூர்க் குழாயின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மைக் கொண்டுவரமாட்டேன். மாலை கொண்டுவரமாட்டேன். ஆட்டம் பார்க்க என்று மட்டும் சொல்லி உன் அம்மாவையும் கூட்டி வருகிறேன், கூட வருகிற ரத்தினம் அவளை முன்வரிசையில் உட்கார வைப்பான். என் டிக்கெட்டுக்கு நீ போட்டு வைத்திருக்கிற முன்வரிசை நாற்காலி எனக்கு வேண்டாம், உன் டீமின் பக்கத்தில் நான் உட்காரமாட்டேன். உன்னை எதிர்த்து ஆடுகிறவர்கள் யாரோ, அவர்கள் கூடைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போடச் சொல். இடைவேளைக்குப் பிறகு கூடை மாறும்போது, போன தடவை மாதிரி எழுந்து பஸ்ஸுக்குப் போகமாட்டேன். நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கம் வந்துவிடுவேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று சொன்னால் சொல்லட்டும். வடக்கே போவதற்கு முன்னால் இரண்டு பாதியிலும் நீ என்னைப் பார்த்துத்தான் வர வேண்டும். தலையை நிமிர்த்தியே வா. இந்தத் தடவை கண்ணை வேறு பக்கம் திருப்பாதே.

உன் நைனா